அம்பாசிடர் எந்த மார்க்? ஃபியட் எந்தக் காலம்? ரோட்டில் பார்க்கும் பழைய காரை அடையாளம் காண்பது பற்றிய இழை

புது_பம்பர்

எல்லாருக்கும் வணக்கம். படம் ஏற்ற முடியல, எழுத்திலேயே விவரம் தர்றேன். மயிலாப்பூர்ல ஒரு வெள்ளை அம்பாசிடர் நிக்குது. பின் கண்ணாடியில "1965 மார்க் 2"ன்னு, அதாவது அந்த மாடலோட ரெண்டாவது வடிவம்னு, ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. கிரில், அதான் முன்முகத்துல இருக்கிற வலைச் சட்டம், நெருக்கமான சின்னச் சின்னக் கட்டம். முன் இண்டிகேட்டர் ரெண்டும் கிரில்லோட சேராம, ஹெட்லைட்டுக்குக் கீழே தனியா சதுரமா இருக்கு. ஸ்டீயரிங் கியர், முன்னாடி ஒரே நீள சீட். நம்பர் பிளேட் கறுப்பு, மூணு எழுத்து நாலு எண். கிரில்லை வெச்சு மார்க் 2ன்னு முடிவு பண்ணலாமா?

ஸ்பேனர்_செட்

தம்பி, கிரில்லை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அம்பாசிடர்ல கிரில் கழற்றி மாட்டுற சாமான். ஸ்க்ரூ, கிளிப்பைக் கழற்றினா கையில வந்துடும். பழசாக் காட்டணும்னு நினைக்கிறவங்க முதல்ல மாத்துறது அதைத்தான். அடுத்து ஹப் கேப், அப்புறம் பம்பர் மேல கொம்பு மாதிரி நிக்கிற ஓவர்ரைடர், அப்புறம் பேட்ஜ். இந்த நாலையும் சாட்சியாவே எடுத்துக்காதீங்க. வெல்டிங் வெச்ச தகடு, கதவுக் கீல், விளக்குக்காக வெட்டின ஓட்டை, அடியில இருக்கிற ஆக்ஸில், இதெல்லாம்தான் சாட்சி.

வரிசையைச் சொல்லிடறேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு சீரிஸ் 2-ஐ ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1954-ல இருந்து லேண்ட்மாஸ்டர்னு உத்தர்பாராவுல கட்டினாங்க. சீரிஸ் 3-ஐ வெச்சு வந்ததுதான் அம்பாசிடர். முதல்ல லேண்ட்மாஸ்டர்ல இருந்த 1476 சிசி சைடு வால்வு இன்ஜினே இதுலயும். 1959 வாக்குல 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு பி-சீரிஸ் இன்ஜின் வந்தது. மார்க் 2 அறுபதுகளின் தொடக்கம், நெருக்கமான கட்டம் போட்ட கிரில். மார்க் 3 1975, கட்டம் பெரிசாச்சு. மார்க் 4 1979. இதுலதான் முகம் மொத்தமா மாறினது. கிரில் சுருங்கினது, இண்டிகேட்டர் கிரில்லை விட்டு வெளியே வந்து தனி விளக்காச்சு.

நீங்க எழுதினதுல "தனியா சதுரமா"ங்கிற ரெண்டு வார்த்தையே போதும். அந்த விளக்குக்கு முகப்புத் தகட்டுலயே இடம் வெட்டியிருக்கணும். என் கணக்குல அது மார்க் 4, மேல பழைய பாணி கிரில். பின்னாடி வந்த முகப்பை விபத்துல அடிபட்ட மார்க் 2-க்கு வெச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால முகம் ஒண்ணை மட்டும் நம்பி எழுதிடாதீங்க.

தகடு_தட்டி

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோட நம்பர் பிளேட்டையும் சேர்த்துக்கணும். பிளேட் வருசத்தைச் சொல்லாது, எல்லையைச் சொல்லும். டிஎன் 01 மாதிரி மாநிலம், அலுவலக எண்ணுன்னு வர்ற முறை 1989-ல தொடங்கினது. அதுக்கு முந்தி எம்எஸ்எக்ஸ், டிஎம்எக்ஸ் மாதிரி மூணு எழுத்து, அப்புறம் எண். அப்போ மூணு எழுத்து பிளேட்டுன்னா பதிவு 1989-க்கு முன்னாடின்னு மட்டும் அர்த்தம். 1965-ன்னும் இல்லை, 1985-ன்னும் இல்லை. இது தலைகீழாவும் நடக்கும். ஊர் மாத்தி மறுபதிவு பண்ணின 1958 வண்டிக்கும் புது வரிசை நம்பர் கிடைச்சிருக்கும். புது நம்பரைப் பார்த்துட்டு நல்ல வண்டியைக் கடந்து போயிடாதீங்க.

கறுப்பு பிளேட்டையும் பெரிசா எடுத்துக்க வேணாம். கறுப்புல வெள்ளை எழுத்து ஒரு காலத்துல சொந்த வண்டிக்கு உரிய நிறம். இன்னிக்கு ஸ்டிக்கர் கடையில யார் கேட்டாலும் எழுதித் தருவாங்க. கறுப்புல மஞ்சள் எழுத்துன்னா அது வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுற வண்டி. பழமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

2021-ல வந்த விதியும் தெரிஞ்சிருக்கணும். முதல் பதிவுல இருந்து 50 வருசம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாம மூல வடிவத்துல இருக்கிற இருசக்கர, நாலுசக்கர வண்டிகளை விண்டேஜ்னு பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி 10 வருசம். நம்பர்ல மாநில எழுத்துக்கு அடுத்து விஏன்னு வரும். அந்தப் பதிவுல தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஸ்டிக்கர்ல 1965-ன்னு போடறதுக்கும் 1980-ன்னு போடறதுக்கும் இதனாலயே பெரிய வித்தியாசம் இருக்கு.

கோவை_கார்பரேட்டர்

ஃபியட் பக்கம் யாரும் வரலைங்களே, நான் சொல்றேனுங்க. இங்க குழப்பமே வரக் கூடாது, கதவுக் கீலைப் பாருங்க போதும். 1954-ல இருந்து பிரீமியர் கட்டின 1100 மில்லிசென்டோ, அதுக்கப்புறம் செலக்ட், சூப்பர் செலக்ட் வரைக்கும் முன் கதவோட கீல் நடுத்தூண்ல இருக்குமுங்க. கைப்பிடி முன்பக்கம் இருக்கும், கதவு முன்னாடி இருந்து பின்னாடி பார்த்துத் திறக்கும். பம்பாய்க்காரங்க டுக்கர் (மராத்தியில பன்னி) ஃபியட்னு கூப்பிடறது அந்த உருண்டை உடம்பைத்தான். 1964-ல டிலைட்டுன்னு வந்த 1100டி-யில கீல் முன்னாடி போயிருச்சு, பின்பக்கம் சின்ன வால் வந்துச்சு. ஃபியட் பேரை விட்டப்புறம் கொஞ்ச காலம் பிரெசிடென்ட், 1974-ல இருந்து பத்மினி. இன்ஜின் அதே 1089 சிசி.

சிக்கல் டிலைட்டுக்கும் பத்மினிக்கும் நடுவுலதானுங்க. உடம்பு ஒண்ணு. பத்மினிக்கு டிலைட் பேட்ஜும் குரோம் கிரில்லும் மாட்டிட்டா ரோட்டுல நின்னு பார்த்து அடிச்சுச் சொல்ல முடியாது. அந்த இடத்துல "1100டி உடம்பு"ன்னு எழுதிட்டு விட்டுடுங்க, அதுதான் நேர்மை. ஒரு உதவி: ஃப்ளோர் கியர் இருந்தா அது கடைசிக் கால பத்மினியா இருக்கும், இல்லைன்னா பின்னாடி மாத்தினது.

தூரத்துல நின்னே பார்க்கக்கூடிய இன்னொண்ணு டயர் பக்கவாட்டு எழுத்துங்க. அம்பாசிடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14, ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 5.20-13. ரேடியல் போட்டிருந்தா முன் எண் மாறியிருக்கும், கடைசி விட்டம் மாறாது. ஹெரால்டுல 14 இன்ச்னு எழுதியிருந்தா சக்கரமே வேற வண்டியோடதுன்னு அர்த்தம். அப்ப பிரேக்கு, ஹப்பு, ஆக்ஸிலு எதெல்லாம் மாறியிருக்கும்னு யோசிக்க ஆரம்பிக்கணுங்க.

மவுண்ட்ரோடு_மாறன்

ஹெரால்டு பேச்சு வந்ததால கேக்கறேன். நாலு கதவு இருந்தா அது அதே ஸ்டாண்டர்டு கம்பெனியோட கெசல், ரெண்டு கதவுன்னா ஹெரால்டு. அப்படித்தானே?

தகடு_தட்டி

இல்லைங்க மாறன், அந்தப் பிழையைப் பல பேர் பண்றாங்க. நம்ம சென்னையிலேயே பொறந்த வண்டி, அதைத் தப்பா எழுதினா மனசு ஒப்பாது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-ல ஹெரால்டைத் தொடங்கினப்போ ரெண்டு கதவு. 1968-ல மார்க் 3 வந்தப்பவே நாலு கதவு ஆயிடுச்சு. அம்பாசிடரும் ஃபியட்டும் நாலு கதவோட விக்கும்போது ரெண்டு கதவை வெச்சுத் தாக்குப்பிடிக்க முடியல. இங்கிலாந்துல டிரையம்ஃப் கட்டின ஹெரால்டுல நாலு கதவு கிடையாது, அது இந்தியாவுக்குன்னே செஞ்சது. கெசல் எழுபதுகளின் தொடக்கத்துல வந்து 1977 வரைக்கும் ஓடினது. அதே 948 சிசி இன்ஜின்.

அப்போ நாலு கதவு வண்டியில ஹெரால்டு எது, கெசல் எது? குனிஞ்சு பின்னாடி அடியில பாருங்க. ஹெரால்டுல பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற கியர் பெட்டிக்கு, அதான் டிஃபரன்ஷியலுக்கு, மேல குறுக்கால ஒரே பட்டை ஸ்பிரிங், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஆடும். கெசல்ல முழு ஆக்ஸில், நீளவாக்குல ரெண்டு பட்டை. ஹெரால்டோட தனி சஸ்பென்ஷன் இங்க வாங்கினவங்களுக்கும் பிடிக்கல, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கல, அதான் மாத்தினாங்க.

குனியவே வேணாம், நிக்கிற நிலையிலயே தெரியும். பின் சீட்ல மூணு பேர் உக்காந்தா ஹெரால்டோட பின் சக்கரம் ரெண்டும் அடியில வெளிப்பக்கமா விரியும், ஜாக்கி போட்டுத் தூக்கினா உள்பக்கமா மடங்கும். கெசல்ல ரெண்டு சக்கரமும் எப்பவும் நேரா நிக்கும்.

ஸ்பேனர்_செட்

ஹெரால்டை எங்கயாவது பார்த்தா, ஓனர் பக்கத்துல இருந்தா, ஒண்ணு மறக்காம கேளுங்க: "டிரனியனுக்கு என்ன விடறீங்க?" முன் சக்கரத்தைத் தாங்குற செங்குத்துத் தண்டோட அடி முனை ஒரு வெண்கல டிரனியன்ல மரை போட்டு உக்காந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரையிலதான் சுழலும். அதுக்கு கியர் ஆயில், இபி 90, விடணும். நிப்பிள் கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருக்கறதால பட்டறையில எல்லாரும் கிரீஸ் அடிச்சுடறாங்க. கிரீஸ் மரையோட அடிவரைக்கும் போகாது, காலப்போக்குல இறுகிடும். உள்ளே தண்ணி நிக்கும், தண்டு துருப்பிடிக்கும், ஒருநாள் மெதுவா வளைக்கும்போது முறிஞ்சு சக்கரம் மட்கார்டுக்குள்ள மடங்கிடும். தண்டு முறியறதுக்கு முன்னாடி பெரும்பாலும் சத்தமே வராது. கிரீஸ் அடிச்ச வண்டின்னு தெரிஞ்சா கழற்றிக் கழுவி, மரையைப் பார்த்துட்டு, துளியும் அரிப்பு இருந்தா தண்டையே மாத்தணும். அப்புறம் நிப்பிள் வழியா ஆயிலை மேல கசியற வரைக்கும் ஏத்தணும்.

ஹெரால்டு பானட் மட்கார்டோட சேர்ந்து முன்னாடி சாயும். திறந்து வெச்சிருந்தா நல்ல சந்தர்ப்பம், சேசிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீளற கைகளை ஒரு பார்வை பாருங்க. துரு அங்கதான் தொடங்கும். மூடியிருந்தா பானட்டுக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. கீழே விரிஞ்சு மேலே ஒட்டினா சேசிஸ் தொய்ஞ்சிருக்கலாம், கீலை சரியா வைக்காமலும் இருக்கலாம்.

வல்வெட்டி_ஒஸ்ரின்

வணக்கம் அண்ணைமார். யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு கதை சேர்க்கிறன். நீங்கள் டிரனியனைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் மொறிஸ் மைனருக்கு அதை அப்பிடியே எடுக்காதேங்கோ. மைனரிலயும் மரை போட்ட டிரனியன்தான், அதுக்குப் போடுறது கிறீஸ். ஆயிரம் மைலுக்கு ஒருக்கா அடிக்கச் சொல்லித்தான் கம்பனி சொன்னது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேஞ்சு, கீழ் டிரனியன் கழண்டு சக்கரம் விழும். ரெண்டு காருக்கும் விழுகிற மாதிரி ஒண்டுதான், போடுற சாமான்தான் வேற.

மைனரின்ரை காலத்தைப் பாக்கிறது லேசு. முன் கண்ணாடி நடுவில பிரிஞ்சு ரெண்டாயிருந்தால் 1956-க்கு முந்தினது. ஒரே கண்ணாடியெண்டால் மைனர் 1000. பிரிஞ்ச கண்ணாடியில கிறில்லும் கிடைச் சட்டமாயிருந்தால் 1954 கடைசிக்குப் பிறகு வந்தது. கதவுத் தூணிலயிருந்து கை மாதிரி வெளியில வாற சிக்னல் இருந்தால் 1961-க்கு முந்தி. வைப்பர் ரெண்டும் எதிரெதிராய் ஓடினால் 1963-க்கு முந்தி, ஒரே பக்கமாய் ஓடினால் பிந்தினது. என்ஜின் 918, 803, 948, 1098 சிசி எண்டு மாறி வந்தது. ஆனால் இஞ்சை முக்கால்வாசி கார் 1098-க்கு மாத்திப்போட்டினம், அதாலை என்ஜினை வைச்சு வருசம் சொல்லேலாது.

கிறில்லை நம்பாதேங்கோ எண்டு சொன்னியள். ஒரு இடத்தில கிறில்லை விட்டால் வேற வழியில்லை. 1958 கடைசியிலயிருந்து வந்த ஃபரீனா உடம்பு, அதாவது இத்தாலிக்காரர் ஃபரீனா வரைஞ்ச வடிவம்: ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட், வூல்ஸ்லி, ரைலி, எம்ஜி எல்லாம் ஒரே உடம்பு. வெளியில நிண்டு பாத்தால் பேர் சொல்லுறது முகம்தான். வூல்ஸ்லிக்கு கிறில் நடுவில இருக்கிற சின்னம் இரவில விளக்காய் எரியும். ஆனால் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில ஏ55 மார்க் 2-ஐயும் ஏ60-ஐயும் பிரிக்கிறதுக்கு பின் வாலைப் பாருங்கோ. ஏ60-இல அதைக் குறைச்சுப் போட்டினம், அது தகடு, பொய் சொல்லாது. என்ஜினும் 1489-இலயிருந்து 1622 சிசி ஆச்சு.

பழைய இலக்கத் தகட்டுக்கும் ஒரு வார்த்தை. முதலில ஆங்கில எழுத்து இலக்கம், பிறகு நடுவில சிங்கள ஸ்ரீ. அந்த ஸ்ரீ வந்த பிறகு 1958-இல தமிழ்ப் பகுதியளில பெரிய எதிர்ப்பு நடந்தது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்ரீ இல்லாத எழுத்துத் தகட்டோட ஒரு ஒஸ்ரின் ஏ40 சோமசெற் நிண்டால், அந்தக் கார் பதிவான காலம் தகட்டிலயே இருக்கு.

புது_பம்பர்

ஐயா, போர்க்காலத்துல அங்க பெட்ரோல் இல்லாம மண்ணெண்ணெயில ஓட்டினாங்கன்னு படிச்சிருக்கேன். எப்படி ஓடிச்சு?

வல்வெட்டி_ஒஸ்ரின்

மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில ஆவியாகாது தம்பி. அதாலை கார்பறேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு ஏறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். இந்தப் பழைய என்ஜினுகளுக்கு அமுக்க விகிதம் குறைவு, அதாலை ஓடிச்சுது, இந்தக் காலத்துக் கார் எண்டால் உடன தட்டத் துவங்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால வழிஞ்சு ஒயிலோட கலக்கும், ஒயில் தண்ணியாகும், பெயரிங் தேயும். பிளக்கில கரி. அந்தக் காலத்தில ஓடின ஒரு ஏ40 இண்டைக்கும் தன்ரை என்ஜினோட நிண்டால், அதை ஓட்டினவையும் திருத்தினவையும் எவ்வளவு கவனம் எடுத்திருப்பினம் எண்டு நினைச்சுப் பாருங்கோ. அந்தக் காரைக் கண்டால் படத்தோட அவையின்ரை வேலையையும் எழுதிவையுங்கோ.

மவுண்ட்ரோடு_மாறன்

அருமை ஐயா. நான் இன்ஜின் மாற்றம் பத்தி ஒண்ணு சேர்க்கறேன். நம்மூர்ல பழைய பெட்ரோல் வண்டிக்குள்ள டீசல் இன்ஜின் இறக்கினது ஏராளம், குறிப்பா மெட்டடார் வேனோட டீசல். ஐம்பதுகளோட பெரிய அமெரிக்க வண்டிகள்லயும் இருக்கும், ஸ்டாண்டர்டு 2000-லயும் இருக்கும். வெளியில இருந்து கண்டுபிடிக்க: ஐட்லிங்ல அந்தக் கடகட சத்தம், சைலன்சர் வாயில காஞ்ச கரி, முன்பக்கம் பின்பக்கத்தை விடத் தாழ்ந்து உக்காந்திருக்கும். டீசல்னு கேட்டதும் மாத்தினதுன்னு முடிவு கட்டிடாதீங்க, அம்பாசிடர்ல எண்பதுகள்ல இருந்து கம்பெனியே 1489 சிசி டீசல் கொடுத்திருக்காங்க.

ஸ்டாண்டர்டு 2000 பத்தியும்: 1985-ல வந்து 1988-லேயே முடிஞ்சது. உடம்பு ரோவர் எஸ்டி1, பின்பக்கம் கண்ணாடியோட தூக்கற அஞ்சாவது கதவு. உள்ளே 1991 சிசி, பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார் காலத்து இன்ஜின் வம்சம். இங்கிலாந்து ரோவரை விட உயரமா நிக்கும். அதைப் பார்த்துட்டு யாரோ ஜாக்கி வெச்ச ரோவர்னு எழுதிடாதீங்க, அந்த உயரம் கம்பெனி கொடுத்தது.

கோவை_கார்பரேட்டர்

பெங்களூர்ப் பக்கம் போறவங்க சிபானி டால்ஃபினை விட்டுடாதீங்க. இங்கிலாந்து ரிலையன்ட் கிட்டன்தான் அது, 848 சிசி, உடம்பு ஃபைபருங்க. பெயின்ட் மேல நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடியிருந்தா அது ஃபைபர் அடிபட்ட அடையாளம். மேல பளபளன்னு இருந்தாலும் அடியில இரும்பு சேசிஸ் துருவேறியிருக்கும், அதைத்தான் பார்க்கோணும்.

இரும்பு உடம்புல துருவையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசுற பட்டி எவ்வளவுன்னு பார்க்க காந்தம் வைக்கிற பழக்கம் இருக்குது. ஓனர் சரின்னு சொல்லாம வைக்காதீங்க. சொன்னாலும் வெறும் காந்தம் வேண்டாம், மெல்லிசான துணியில சுத்தி வைங்க. அம்பாசிடர்ல கதவுக்கு அடிப் படி, பின் சக்கர வளைவு, டிக்கித் தரை. ஃபியட்ல படியும் கால் வைக்கிற தரையும். அந்த இடத்துல ஒட்டாம மேல ஒட்டினா உள்ளே பட்டிதானுங்க.

எல்லாத்தையும் அருகுல பார்த்துக் கண்ணைப் பழக்கணும்னா கோவை அவிநாசி ரோட்டுல ஜிடி கார் மியூசியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. கீலு, விளக்கு, வாலு இதை மட்டும் பார்த்துட்டு நடங்க.

தகடு_தட்டி

படம் எடுக்கறது பத்தி, சுருக்கமா. ஃபோன்ல அகலக் கோண லென்ஸ் வேணாம், அதுல முகம் உப்பி வால் சின்னதாத் தெரியும், மார்க் பிரிக்கவே முடியாது. நாலஞ்சு மீட்டர் தள்ளி, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிஞ்சு, முன் மூலையில இருந்து ஒண்ணு, பின் மூலையில இருந்து ஒண்ணு. அப்புறம் கதவுக் கீல், முன் விளக்கு, பின் விளக்கு, டயர் எழுத்து, கண்ணாடி மூலை முத்திரை. இங்கிலாந்துல இருந்து வந்த வண்டின்னா டிரிப்ளெக்ஸ் முத்திரையில எழுத்துக்கு அடியில புள்ளி இருக்கும். அது கண்ணாடி செஞ்ச வருசத்தோட கடைசி இலக்கத்தைக் குறிக்கும், பத்தாண்டு எதுன்னு உடம்பைப் பார்த்து நாமதான் சொல்லணும். எல்லாக் கண்ணாடியிலயும் ஒரே இலக்கம் வந்து ஒண்ணு மட்டும் வேறன்னா அந்தக் கண்ணாடி மாத்தினது.

இங்க போடும்போது நம்பரை மறைங்க. வீட்டு வாசல்ல நிக்கிற வண்டின்னா தெருப் பேரும் வேணாம், படத்துல இருக்கிற இருப்பிடத் தகவலையும் நீக்கிடுங்க. வேற எங்கயும் கிடைக்காத பழைய பாகத்துக்காகவே திருட்டு நடக்கும். ஓனர் இல்லாத வண்டியோட பானட், கதவு எதையும் தொடாதீங்க.

புது_பம்பர்

எல்லாருக்கும் நன்றி. ஓனர்கிட்ட கேட்டேன், அன்பாக் காட்டினார். ஸ்டிக்கர் வண்டி வாங்கும்போதே இருந்ததாம். ஆர்சி புத்தகத்துல தயாரிப்பு 1981, பதிவும் அதே வருசம். முகப்புத் தகட்டை உள்பக்கத்துல இருந்து பார்த்தோம், விளக்கு ஓட்டை அழுத்தி வெட்டினது, ஓரத்துல கை வெட்டோ வெல்டிங்கோ இல்லை. கிரில்லைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ மட்டும் புதுசு.

ஸ்பேனர்_செட்

அப்போ மார்க் 4, உறுதியாவே எழுதிக்கலாம். 1981 பதிவுன்னா விண்டேஜ் பதிவுக்கு 2031 வரைக்கும் காத்திருக்கணும். அவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க: அந்த மார்க் 4 கிரில் டிக்கியிலயோ வீட்டுப் பரண்லயோ கிடந்தா தூக்கிப் போட வேணாம். மூல வடிவம்னு கேக்கும்போது அதைத்தான் திரும்ப மாட்டணும். பழைய ஸ்க்ரூவும் கிடைச்சா அதையும் ஒரு கவர்ல போட்டு வெச்சுக்கச் சொல்லுங்க.